அந்த ‘நம்ம’வில் யார் யார்?

எனக்குச் சந்தேகம் பிடித்த புத்தி என்பதை என் வீட்டுக்காரர் கல்யாணமான மூன்றாம் மாதமே கண்டுபிடித்துவிட்டார். பால்காரர் ஊற்றும்போது நான் பாலைப் பார்ப்பதில்லையாம், அவர் முகத்தைத்தான் பார்க்கிறேனாம். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கூடினால் இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். நானும் சிரிப்பேன், ஆனால் பால்காரரை மாற்றிய பிறகு காபி நன்றாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அந்தப் புத்திக்கு ஏற்ற வேலையும் வாய்த்தது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் கார்டை யார் தேய்த்தார், மாமனார் தவறிவிட்டதாக லீவு கேட்பவருக்கு இது எத்தனையாவது மாமனார், எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. வேலைக்கு வராத நண்பனுக்காகக் கார்டு தேய்த்த எத்தனையோ பேரை வாசலிலேயே மடக்கியிருக்கிறேன். பிறகு முகம் பார்க்கும் மெஷின் வந்தது. எதிரே நின்றால் போதும், அதுவே ஆளைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு மிஞ்சியது ஓ.டி. ஷீட்டும் லீவு பேப்பரும்தான். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லாத டைம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பது எனக்கு அவமானமாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரேடியோ நாடகம் வந்தது. வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு கல்லூரி, அதற்குள் ஒரு சமுதாய வானொலி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குத்தான் எடுக்கும். ஆனால் அந்த வட்டத்துக்குள் எங்கள் கம்பெனிகள் எல்லாம் அடக்கம். சாயங்காலம் ஷிப்டு விடும் நேரத்தில் கம்பெனி பஸ் டிரைவர்கள் பாதிப்பேர் அதைத்தான் போடுவார்கள். நான் அதில் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பெண்களுக்கான நிகழ்ச்சியில் பேசியிருந்தேன். தபாலில் ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதை எப்படியோ தெரிந்துகொண்ட நிலையப் பொறுப்பாளர் ஒருநாள் கூப்பிட்டார்.

“விக்டோரியா மகாராணி காலத்து நாவல் ஏதாவது எடுத்து தொடர் நாடகமா போடலாம் மேடம். காப்புரிமை எல்லாம் காலாவதி ஆயிருக்கும். செத்தவங்க யாரும் கேஸ் போட மாட்டாங்க.”

இலவசமாக எழுதித்தர ஒரு ஆள் வேண்டும் என்பதைத்தான் சுற்றிவளைத்துச் சொல்கிறார் என்று தெரிந்தது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். படிக்கிற காலத்தில் நான் முழுதாக முடித்த ஒரே தடிப் புத்தகம் பரணில் இருந்தது. அறுநூறு பக்கம். அதைக் கால்மணி நேரப் பகுதிகள் பதின்மூன்றாகச் சுருக்க வேண்டும்.

கதை இதுதான். வடக்கு இங்கிலாந்தில் ஒரு மில் ஊர். நெசவு மில்லில் கூலி குறைத்துவிட்டார்கள், பெண்கள் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் மறுநாளே முதலாளிக்குத் தெரிந்துவிடுகிறது. யாரோ சொல்கிறார்கள். எல்லோருக்கும் சந்தேகம் மேஸ்திரியின் மனைவி மேல். அவள் பெண்களோடும் பழகுகிறாள், முதலாளி வீட்டுக்கும் போய்வருகிறாள். அவள் எந்தப் பக்கம் என்பதைக் கடைசிவரை சொல்லாமல் இழுத்துக்கொண்டு போவதில்தான் அந்த நாவலின் உயிரே இருக்கிறது. என்னைப் போன்ற ஆளுக்காகவே எழுதப்பட்ட கதை என்று சொல்ல வேண்டும்.

முதல் சிக்கல், ‘மேஸ்திரி’ என்ற சொல். நான் முதலில் சூப்பர்வைசர் என்றுதான் எழுதியிருந்தேன். பொறுப்பாளர் பதறிவிட்டார். “பஸ்ஸுல கேக்கறவன் எல்லாம் நம்ம கம்பெனி சூப்பர்வைசர்னு நெனப்பான் மேடம்.” கங்காணி என்று மாற்றினால் தேயிலைத் தோட்ட வாசனை அடித்தது. கடைசியில் மேஸ்திரி என்று முடிவானது. அப்படியும் ஒலிபரப்பு தொடங்கிய இரண்டாம் வாரமே எங்கள் எச்.ஆர். அதிகாரி என்னைப் பார்த்து, “மேடம், அந்த மில் எந்த மில்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இங்கிலாந்து மில் சார் என்றேன். சிரித்துக்கொண்டே கேட்கிற கேள்விகளில்தான் விஷயம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் என்னை உண்மையிலேயே தூங்கவிடாமல் அடித்தது நான்காம் பகுதியில் வருகிற ஒரே ஒரு வாக்கியம். பனி மூடிய காலையில் மில் வாசலில் பெண்கள் மேஸ்திரியின் மனைவியைச் சூழ்ந்துகொண்டு, நாளைக்கு என்ன நடக்கும் என்று கேட்கிறார்கள். நாளைக்குக் கதவு திறக்கப்படாது என்று அவள் பதில் சொல்கிறாள். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் ‘வி’ (We) என்று தொடங்குகிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எழுத்தாளர் இருநூறு பக்கம் ஓட்டிவிட்டார். தமிழில் அது நடக்காது. ‘நாங்க திறக்க மாட்டோம்’ என்றால் அவள் முதலாளி ஆள், மில்லைப் பூட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். ‘நாம திறக்க மாட்டோம்’ என்றால் அவள் இந்தப் பெண்களோடு சேர்ந்தவள், வேலைநிறுத்தம் வருகிறது என்று அர்த்தம். வெள்ளைக்காரனுக்கு ஒரே சொல். நமக்கு இரண்டு, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லாமல் வாயையே திறக்க முடியாது.

நான்கு நாள் மண்டையைக் குடைந்தபிறகு வழி கிடைத்தது. அந்தச் சொல்லையே எடுத்துவிட்டேன். ‘நாளைக்குக் கதவு திறக்க மாட்டோம்.’ அவ்வளவுதான். ‘மாட்டோம்’ இரண்டுக்கும் பொதுவானது, யாரையும் காட்டிக்கொடுக்காது. அன்றைக்கு எனக்கிருந்த பெருமைக்கு அளவே இல்லை. வீட்டுக்காரரிடம் விளக்கினேன். “இதுக்கா நாலு நாளா சோத்துல உப்பு இல்ல?” என்றார்.

மேஸ்திரியின் மனைவியாக நடிக்க வந்தவள் எங்கள் கம்பெனியிலேயே வயரிங் லைனில் வேலை செய்த பெண். தென்காசிப் பக்கம். இருபத்தைந்து வயதிருக்கும். சேரப்பணஞ்சேரியில் ஒரு அறையை இன்னொரு பெண்ணோடு பங்கு போட்டுக்கொண்டு இருந்தாள். அந்த இன்னொருத்தி செய்யாறு பக்கம், அதே லைன், பக்கத்து ஸ்டூல். இரண்டு பேரும் கான்ட்ராக்ட். எங்கே போனாலும் ஒரே தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்தேதான் போவார்கள். என்னிடம் லீவு பேப்பர் கொடுக்க வரும்போது அவள் குரலைக் கேட்டுத்தான் நாடகத்துக்குக் கூப்பிட்டேன். கொஞ்சம் கரகரப்பான, எதையோ மறைத்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல். கூப்பிட்டதும், “நமக்கு நடிக்கல்லாம் தெரியாதேக்கா” என்றாள். ஆனால் மைக் முன்னால் நின்றதும் ஆளே மாறிவிட்டாள்.

நான்காம் பகுதி ஒலிப்பதிவு. வல்லக்கோட்டையில் கிருத்திகை, எங்கிருந்தோ ஒலிபெருக்கிச் சத்தம் வந்து இரண்டு முறை நிறுத்தினோம். மூன்றாம் முறை அமைதி கிடைத்தது. மில் வாசல் காட்சி. அவள் மைக்கை நெருங்கி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “நாளைக்கு நம்ம கதவு தெறக்க மாட்டோம்.”

“நிறுத்து,” என்றேன். “இன்னாம்மா இது? பேப்பர்ல ‘நம்ம’ எங்க கீது?”

“சாரிக்கா. தானா வந்துட்டு.”

அடுத்த முறையும் ‘நம்ம’. அதற்கடுத்த முறையும் ‘நம்ம’. பொறுப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லி ஆறாவது தடவைதான் சரியாக வந்தது. என் சந்தேகப் புத்தி அப்போதே கண்ணைத் திறந்துவிட்டது. ஒருதரம் வாய் தவறலாம். ஐந்து தரம் தவறுமா? இந்தப் பெண் மனதில் வேறு ஏதோ ஓடுகிறது என்று எனக்குப் பட்டது.

ஓடிக்கொண்டும் இருந்தது, கம்பெனியில். ஷிப்டு விட்டால் முதல் பஸ்ஸில் நிரந்தரத் தொழிலாளிகள் போய்விடுவார்கள். கான்ட்ராக்ட் பெண்கள் அதே பஸ் திரும்பி வரும்வரை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். மழை வந்தால் நிற்க இடம் கிடையாது. தங்களுக்கும் முதல் ட்ரிப்பிலேயே இடம் வேண்டும் என்று ஒரு மனு எழுதி, யாரோ ரகசியமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி கேன்டீனில் தொடங்கி டைம் ஆபீஸ் வரை வந்துவிட்டது. யார் என்றுதான் தெரியவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. என் காதில் விழாமல் ஒரு விஷயம் நடக்கிறதே என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு ஒலிப்பதிவுக்குச் சற்று முன்னாலேயே போய்விட்டேன். அவள் படிக்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“நம்ம கையெழுத்துப் போட்டாச்சுல்லா. இனி பேப்பர் அவங்க கைக்குப் போயிரும். நமக்கு என்ன பயம்? நம்ம யாருட்டயும் சண்டைக்குப் போகல, குடுக்கதைக் குடுத்தாச்சு, அவ்வளவுதான்.”

நான் ஓசைப்படாமல் திரும்பிப் போய், மறுபடி செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். அவள் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. எனக்கு அது பயத்தின் சிவப்பாகத் தெரிந்தது. மறுநாள் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அவள் லீவு பேப்பரை எடுத்துப் பார்த்தேன். முந்தின வாரம் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் லீவு. காரணம்: சொந்த வேலை. மனு சுற்ற ஆரம்பித்தது புதன்கிழமை. இதற்குமேல் என்ன வேண்டும்? நம்ம கையெழுத்து, நம்ம பயம், நம்ம சண்டை. அந்த ‘நம்ம’வில் எத்தனை பேர் என்பது மட்டும்தான் பாக்கி என்று நினைத்தேன்.

எச்.ஆர். அதிகாரி என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்ன அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“ஃப்ளோர்ல ஏதோ லெட்டர் ஓடுதாமே மேடம். பேர் எல்லாம் வேணாம். சும்மா, உங்க காதுல ஏதாவது விழுந்துதா?”

“கையெழுத்து போட்டாச்சுன்னு ஒரு பொண்ணு போன்ல பேசிக்கினு இருந்துது சார்.”

“எந்தப் பொண்ணு?”

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். யாரும் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தும் சொல்லவில்லை. இதைப் பலமுறை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த மெஷினுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது, அதைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவு அற்பமான காரணம்.

“நம்ப நாடகத்துல நடிக்குதே சார், அந்தப் பொண்ணு.”

எங்கள் பக்கத்தில் ‘நம்ம’ என்பது ‘நம்ப’ என்றுதான் வாயில் வரும். யாரையும் நம்பாத ஒருத்தியின் வாயில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்ததை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது. அவர் எழுதிக்கொள்ளவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற பட்டியல் வந்தது. அவள் வரிசைக்கு நேரே ‘தேவையில்லை’ என்று இருந்தது. பக்கத்து ஸ்டூல் செய்யாறுப் பெண்ணுக்குப் புதுப்பித்திருந்தார்கள். பட்டியலில் விடுபட்டவர்களின் முகத்தை மெஷினிலிருந்து நீக்குவது என் வேலை. அவள் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். நீக்கட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். மனு போட்டால் விளைவு இருக்கும் என்று தெரிந்துதானே போட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயம் பேசுவதில் என் மனது ரொம்ப வேகமானது.

வேலை போன பிறகும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிப்பதிவுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு மாத வாடகை கொடுத்திருப்பதாகவும், அதற்குள் வேறு கம்பெனி பார்ப்பதாகவும் சொன்னாள். எட்டாம் பகுதி முடிந்து பொறுப்பாளர் எல்லோருக்கும் பொட்டலம் வாங்கி வைத்திருந்தார்.

“நீ சாப்பிடலையாம்மா?”

“நமக்குப் பசிக்கல சார்.”

“எனக்குப் பசிக்குதேம்மா. எனக்கும் சேத்து நீயே சொல்லிட்டா எப்படி?” என்று அவர் சிரித்தார்.

அவளும் சிரித்துவிட்டாள். “எங்கூர்ல அப்படித்தான் சார் பேசுவோம். நமக்குன்னா எனக்குன்னும் வரும். நமக்கு எந்த ஊருன்னு எதிர்ல நிக்கவங்களைக் கேட்டா, உங்களுக்கு எந்த ஊருன்னு அர்த்தம். நாங்க எல்லாத்துக்கும் நம்மதான்.”

என் கையில் இருந்த பொட்டலம் பாதி பிரித்தபடியே நின்றது. நமக்கு நடிக்கத் தெரியாதே. நமக்குப் பசிக்கல. நம்ம கையெழுத்துப் போட்டாச்சு. சாப்பாடு முடியும்வரை பொறுக்க முடியாமல் அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“அன்னிக்கு ஒரு ஞாயித்துக்கெழம போன்ல பேசினியே, கையெழுத்து போட்டாச்சுன்னு. இன்னா கையெழுத்து?”

அவளுக்கு நினைவுபடுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அதாக்கா? ஊர்ல வீடு. அப்பா பேர்ல இருந்தது. என் பங்கை விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி அண்ணன் கேட்டான். ரெண்டு நாள் லீவு போட்டுப் போயி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அம்மாதான் போன்ல அழுதா. நமக்குன்னு வேலை இருக்கு, வீடு எதுக்குன்னு சொன்னேன்.”

“அந்த பஸ்ஸு மனுவுல?”

“அதுல நம்மகிட்ட யாருமே கேக்கலக்கா. கேட்டா போட்டிருப்பேன்.”

வீட்டுப் பங்கையும் எழுதிக்கொடுத்துவிட்டு, இருக்கிற வேலையை நம்பி வந்தவள். அந்த வேலையை நான் ஒரு வார்த்தையில் முடித்துவைத்திருந்தேன். நாற்பது வயதுக்குமேல் எனக்கு இப்படி வெட்கமாக இருந்தது அதுவே முதல் முறை. உள்ளே போய்ப் பொட்டலத்தை மூடிவைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் எச்.ஆர். அறைக் கதவைத் தட்டினேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், அது சொத்துப் பத்திரத்துக் கையெழுத்து, அந்தப் பெண்ணுக்கும் மனுவுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். தென்காசிப் பக்கத்து ‘நம்ம’வையும் விளக்கினேன். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“லிஸ்ட் எல்லாம் ஹெட் ஆபீஸ் போயிடுச்சு மேடம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.” பிறகு முன்னால் சாய்ந்தார். “அப்போ கையெழுத்து வாங்கினது யாரு?”

“தெரியாது சார்.”

“போனவாட்டி தெரிஞ்சுதே?”

நான் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கிற பார்வையில் சந்தேகம் இருந்தது. மனு போட்டவர்களை நான் காப்பாற்றுவதாக நினைத்திருக்கலாம். அப்படி ஒரு நல்ல பெயருக்கு எனக்குத் தகுதி இல்லை.

அவளுக்கு வேறு வேலை அமையவில்லை. பதினோராம் பகுதி முடிந்ததும் ஊருக்குப் போகிறேன் என்றாள். மிச்சம் இரண்டு பகுதிக்கான வசனத்தைப் போனில் பதிவுசெய்து அனுப்பிவிடுவதாகவும், சத்தம் வராமல் இருக்கப் போர்வைக்குள் உட்கார்ந்து பேசுவதாகவும் தானாகவே சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் படப்பை பஸ் நிறுத்தத்தில் தாம்பரம் பஸ்ஸுக்காக நின்றாள். இரண்டு பை, ஒரு பக்கெட், அதற்குள் ஒரு குக்கர். நானும் போயிருந்தேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

“எங்க உன் ஜோடி? வரலியா?” என்று கேட்டேன். அந்தச் செய்யாறுப் பெண் இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை.

அவள் பக்கெட்டின் பிடியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். “அவகூடப் பேசுததில்லக்கா. ஒரு மாசம் ஆச்சு. ஒரே ரூம், ஒரே அடுப்பு, நம்ம சமைச்சு முடிச்சப் பொறவு அவ சமைப்பா.”

“ஏம்மா?”

“வேண்டாம்க்கா, விடுங்க.”

“சொல்லு.”

“உங்களைச் சொல்லிட்டாக்கா. டைம் ஆபீஸ் அக்காதான் உன்னைப் போட்டுக் குடுத்திருக்கும், ஜாக்கிரதையா இருன்னு சொன்னா. வாய் கூசாமச் சொல்லுதா. வேலை போனதும் ஒரு மனுஷி எச்.ஆர்.கிட்டப் போயி நமக்காகப் பேசினாவன்னா அது நீங்கதான். கேன்டீன்ல சொன்னாங்க. உங்களைப் போயி சொல்லுதாளேன்னு எனக்கு ஆத்திரம். அவளுக்கு மட்டும் எப்படி ரெனிவல் ஆச்சுன்னு கேட்டேன். நீதான் எதையாவது சொல்லியிருப்பன்னு மூஞ்சிக்கு நேரயே கேட்டுட்டேன். அவ அழுதா. அழட்டும்னு விட்டுட்டேன்.”

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் எங்களுக்கு நடுவே தலையை நீட்டி “தாம்பரம், தாம்பரம்” என்றார். நான் வாயைத் திறந்தேன். இப்போது சொன்னால் நான் சொன்னது மட்டுமல்ல, இந்த ஒரு மாதமும் சேர்ந்து அவள் தலையில் விழும் என்று தோன்றியது. அவளுக்காகத்தான் தயங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வை இன்னும் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருந்தது. என்னை யாரும் அப்படிச் சந்தேகமே இல்லாமல் பார்த்ததில்லை. பஸ் வந்தது. குக்கரோடு பக்கெட்டைத் தூக்கிக் கொடுத்தேன். “வாரேன்க்கா,” என்றாள்.

அன்றைக்கே சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். செய்யாறுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த துணியை வாளியிலேயே போட்டாள். நான் உட்காரவில்லை, அவளும் உட்காரச் சொல்லவில்லை.

“நான்தாம்மா சொன்னேன், எச்.ஆர்.கிட்ட.”

“தெரியும்,” என்றாள். “அவ கையெழுத்து கிய்யெழுத்துன்னு பேசினத நீங்க பின்னால நின்னு கேட்டீங்கன்னு ரேடியோல வேல பண்ற பையன் பார்த்துட்டு சொன்னான். நாங்க அப்பவே பேசிக்கினோம்.”

நாங்க. அதில் நான் இல்லை என்று சொல்ல அவளுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை.

“மனு எழுதினது யாருன்னு தெரியுமா?” என்றாள். “நான். அவ பேர் வந்துடக் கூடாதுன்னுதான் அவகிட்ட கையெழுத்தே கேக்கல. வூட்டு சொத்தைக் குடுத்துட்டு வந்து நிக்குது, இதுவும் போய்டக் கூடாதுன்னு. இப்ப போய் எச்.ஆர்.கிட்ட சொல்லணும்னா சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“எங்கிட்ட இன்னாத்துக்கு இதெல்லாம்? அவகிட்ட சொல்லுங்க.”

தெருமுனைக்கு வந்து போன் செய்தேன். பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவள் எடுத்தாள். தாம்பரத்தில் இறங்கிவிட்டதாகவும், ரயிலுக்கு நேரம் இருப்பதாகவும் சொன்னாள், எதையாவது விட்டுவிட்டு வந்துவிட்டேனா என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டில் ஒட்டுக்கேட்டது, லீவு பேப்பரைப் பார்த்தது, எச்.ஆர். அறை, மெஷினில் முகத்தை நீக்கியது. மனுவை எழுதியது யார் என்பதையும், அவளிடம் ஏன் கையெழுத்துக் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“அப்ப அவ சொன்னது நெசம்,” என்றாள்.

“ஆமாம்மா.”

“ஒரு மாசமா அவ மூஞ்சியப் பாக்கலியே நான்,” என்றாள். அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. “வைங்கக்கா. மொதல்ல நான் அவகிட்டப் பேசணும்.”

தெருமுனையிலிருந்தே அந்த வீடு தெரியும். கொஞ்ச நேரத்தில் செய்யாறுப் பெண் காதில் போனை வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.